உட்கார்ந்தவனிடம் மிச்சமிருந்த காற்று

பிப்ரவரி 3

கன்ட்ரோல் அக்காவுக்கு,

என் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள். தபாலை பிளாக் செய்ய வழியில்லை, அதனால் இது.

முதலில் வேலை விஷயம், சுருக்கமாக. மார்ச் 20 காலை பத்து மணிக்கு விசாரணைக் கமிட்டி கடைசியாகக் கூடுகிறது. உங்கள் ஆபரேட்டர் லைசென்ஸ் இருக்குமா போகுமா என்று அன்றைக்குத்தான் முடிவு. நவம்பரில் நான் கொடுத்த வாக்குமூலத்தை அப்படியே வைத்துக்கொள்கிறேனா, மாற்றுகிறேனா என்று கேட்டு எனக்குப் படிவம் வந்திருக்கிறது. மாற்றப் போவதில்லை. குளிர்கிடங்கின் பின்பக்க நடையில் அமோனியா கசிந்து, வெள்ளைப் புகைக்குள் நான் மாட்டிக்கொண்டபோது வாக்கி-டாக்கியில் வழி சொன்னது நீங்கள். வெளியே வந்தேன். பத்து நாள் கண்ணில் கட்டு, இப்போது சரி. வழி சொன்னதற்கு நன்றி என்று அன்றைக்கே சொன்னேன். ஆனால் "அளவு இறங்குது தம்பி, இறங்குது" என்று நான்கு தடவை சொன்னீர்கள். சென்சார் பிரிண்ட் அவுட்டில் நான்கு தடவையும் ஏறியிருக்கிறது. மீட்டரில் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும் என்ற விதி உங்கள் கன்ட்ரோல் அறைக் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. பொய்யைப் பொய் என்று எழுதினேன். உண்மை அளவு தெரிந்திருந்தால் இன்னும் வேகமாக நடந்து வந்திருப்பேன் என்றும் எழுதினேன். இரண்டிலும் நிற்கிறேன்.

சண்டைக்காக எழுதவில்லை. அந்த வீடியோ கேம் பற்றிப் பேச வேண்டும். வேலை குறைந்த மதியங்களில் "ஒன்பதாம் துளை விளையாடு, விளையாடு" என்று வாக்கி-டாக்கியிலேயே உயிரை வாங்குவீர்களே, அதை முடித்துவிட்டேன். பதினொரு மணி நேரம். எங்கள் ஷிஃப்டில் எவனுக்கும் கதை வேண்டாம், சுட்டால் போதும். வேறு யாரிடம் போய்ப் பேசுவது?

பனியாலான ஒரு நிலா. பனிக்கு அடியில் துளை போடும் நிலையம். ஒன்பதாவது துளையிலிருந்து ஏதோ ஏறி வந்து ஈரத்தோல் மாதிரி சுவரெல்லாம் படர்கிறது. நீங்கள் அதற்கு ஒட்டடை என்று பெயர் வைத்தது ரொம்பச் சரி. மூச்சு எங்கே அதிகமோ அங்கே நகர்கிறது. நாம் ஒரு மராமத்து ஆள். பயந்தால் மூச்சு வாங்குகிறது, மூச்சு வாங்கினால் ஒட்டடையும் வருகிறது, சிலிண்டரும் தீர்கிறது. பயத்துக்கே ஒரு மீட்டர் வைத்தவனைக் கூப்பிட்டுக் கைகொடுக்கலாம். இதுவரை குறையில்லை.

பிறகு ரேடியோவில் "மேலிடம்" என்று ஒரு பெண் குரல். நம் சிலிண்டர் மீட்டரின் கண்ணாடி முதல் காட்சியிலேயே உடைந்துவிடுவதால், காற்று எவ்வளவு மிச்சம் என்று அவள் சொல்வதுதான் நமக்குத் தெரியும். பதினொரு மணி நேரம் அவளை நம்பி நடக்கிறோம். கடைசியில் மேலிடத்துக்கு ஏறிப் போனால், அவள் மார்பு வரை ஒட்டடை மூடி, பட்டனை அழுத்திய கையோடு செத்துக் கிடக்கிறாள். பக்கத்தில் ஓடும் காகிதச் சுருளில் நம்முடைய உண்மை அளவு முழுக்கப் பதிவாகியிருக்கிறது. "நாற்பது சதவீதம் இருக்கு" என்று அவள் சொன்னபோது இருந்தது பதினாறு!

இது கதையா? நம்பி வந்தவனைக் கடைசி வாசலில் நிற்க வைத்து "ஏமாந்தியா" என்று கேட்பது கேலி. அவள் ஏன் பொய் சொன்னாள் என்பதற்கு ஒரு காரணம்கூட எழுதவில்லை. அவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு எப்படி இது உங்களுக்குப் பிடித்தது?

பதில் போட்டால் சரி. போடாவிட்டாலும் சரி.

— கம்ப்ரசர் பிரிவு


பிப்ரவரி 11

அவசரக்குடுக்கைக்கு,

பதில் போடாவிட்டாலும் சரியாமே. அப்புறம் எதற்கு உள்ளே ஸ்டாம்ப் ஒட்டிய கவர்?

சஸ்பெண்ட் ஆகி வீட்டில் இருப்பவளுக்குத் தபால் வந்தால் வீடே கூடிவிடுகிறது. மாமியார்தான் வாங்கினார். "யாரு அந்தத் தம்பியா? கண்ணு நல்லாயிருக்காமா?" என்று கேட்டார். நல்லாயிருக்கு, வாய்தான் அப்படியே இருக்கு என்றேன்.

ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல். சத்தத்தைக் குறைத்து, சப்டைட்டிலைப் படித்து, அவள் பேசி முடிப்பதற்குள் பட்டனைத் தட்டித்தானே விளையாடினாய்? வால்வு வரிசையை நான் வாசிக்கும்போதே "சரி சரிக்கா, அடுத்து" என்பவன் நீ. மேலிடம் பொய் சொல்லும் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஒரு மூச்சு இழுப்பாள். சின்ன மூச்சு. அது எழுத்தில் வராது.

நான்காம் தளத்தில் சுவரோரமாக ஒருவன் உட்கார்ந்திருப்பான். பிணம் என்று தாண்டி ஓடியிருப்பாய். திரும்பப் போய் அவன் பக்கத்தில் உட்கார். உட்கார ஒரு பட்டன் வரும். நீ தேடும் காரணம் அங்கே இருக்கிறது. ஓட்டை கதையில் இல்லை, நீ விளையாடிய லட்சணத்தில் இருக்கிறது.

எனக்கு ஏன் பிடித்தது என்று கேட்டாய். நான் விளையாடும்போது மாமியார் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார். ஒட்டடை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "அந்த இடத்துல துடைப்பமே கிடையாதா?" என்று முடித்துவிட்டார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "ஏம்மா, அந்தப் பொண்ணு காலைலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கே, தண்ணி குடிச்சியான்னு ஒருத்தனும் கேக்கலியே" என்றார். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். பதினொரு வருடம் அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தவள் நான்.

வாக்குமூலத்தை மாற்று என்று நான் கேட்க மாட்டேன். பொய் சொன்னது உண்மை. அதுவும் நான்கு இல்லை, ஐந்து. ஒன்றை விட்டுவிட்டாய். உன் நம்பரை அடைத்தது அதற்காக இல்லை. "வேகமாக நடந்து வந்திருப்பேன்" என்று எழுதினாய் பார், அந்த ஒரு வரிக்காக. அது அப்படி இல்லை தம்பி. எப்படி என்று நானே சொன்னால் லைசென்சைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வது மாதிரி ஆகிவிடும். விடு.

ஹெட்போன் போட்டு விளையாடு.

— அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

சப்டைட்டில் வைத்துத்தான் விளையாடினேன். ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடி முழுவதும் விளையாடினேன். ஹெட்போன், ஒரு நோட்டு, பேனா. இந்தத் தடவை பத்தொன்பது மணி நேரம். அவள் எண் சொல்வது மொத்தம் முப்பத்தேழு தடவை. பதினான்கு பொய். பதினான்கிலும் மூச்சு மீட்டர் அப்போதுதான் சிவப்பைத் தொட்டிருக்கிறது. பதினான்குக்கும் முன்னால் நீங்கள் சொன்ன அந்த மூச்சு இருக்கிறது. இடது, வலது, ஏணி, குனி என்று வழி சொன்னது ஐம்பத்திரண்டு தடவை. அதில் ஒரு பொய்கூட இல்லை. நான் வேண்டுமென்றே மூன்று இடத்தில் எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்தேன். மூன்றிலும் செத்தேன்.

உட்கார்ந்தவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவனுடைய ரேடியோவில் கடைசிப் பேச்சு திரும்ப ஓடுகிறது. அதே குரல், ஆனால் தடுமாற்றமே இல்லாமல், வாசிக்கிற மாதிரி. "பதினெட்டு சதவீதம். வெளிவாசல் இருநூறு மீட்டர். கணக்குப்படி போதாது." அவன் பதில் சொல்லவில்லை. அவள் கூப்பிடுகிறாள், கூப்பிடுகிறாள், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அப்புறம்தான் அவன் மடியில் கிடக்கும் மீட்டரைத் திருப்பிப் பார்த்தேன். இன்னும் பதினெட்டில்தான் நிற்கிறது. காற்று தீர்ந்து சாகவில்லை. எண்ணைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டான், ஒட்டடை வந்துவிட்டது.

இதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கடைசிக் காகிதச் சுருளைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அதே இடத்தை நான் தாண்டும்போது என் சிலிண்டரில் இருந்தது பதினொன்று. அவள் எனக்குச் சொன்னது முப்பத்தைந்து. பதினெட்டு வைத்திருந்தவன் உட்கார்ந்தான், பதினொன்று வைத்திருந்தவன் வாசலுக்கு வந்தான். அவள் முதலில் பொய்யே சொல்லாதவள். அவனிடமிருந்துதான் ஆரம்பித்திருக்கிறாள்.

எழுதியவன் யாரோ, அவனுக்குப் பெரிய மனசு. காரணத்தை நடுவழியில் தரையில் போட்டுவிட்டு, குனிந்து பார்ப்பவனுக்கு என்று விட்டிருக்கிறான். ஓட்டை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இணையத்தில் நீளமாகத் திட்டி எழுதியிருந்தேன், அதையும் எடுத்துவிட்டேன்.

ஆனால் ஒன்று. அது கேம். அவன் உட்கார்ந்தான். நான் உட்காரவில்லை. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இடது கை சுவரிலேயே இருந்தது, நடந்துகொண்டே இருந்தேன். அதனால் அந்த வரியை ஏன் குத்திக் காட்டுகிறீர்கள் என்று புரியவில்லை. நேராகச் சொல்லுங்கள்.

— தம்பி


பிப்ரவரி 27

தம்பிக்கு,

நேராகச் சொல்ல மாட்டேன். ஏன் என்று போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். உனக்கு ஞாபகம் இருப்பது உன் ஞாபகம். இருக்கட்டும்.

முந்தாநாள் எங்கள் சங்க வக்கீல் வந்திருந்தார். நல்ல மனுஷர், வேகமாகப் பேசுவார், உனக்குப் பிடிக்கும். "சென்சார்ல கோளாறுன்னு ஒரே வரி சொல்லுங்கம்மா, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றார். நீங்கள் பார்த்தது வேறு, பதிவானது வேறு என்று சொல்லிவிடலாமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த நடையில் நான்கு சென்சாரையும் மாட்டியது நீ. ஏணியில் நின்றுகொண்டு "இப்ப என்ன காட்டுதுக்கா, இப்ப?" என்று நாள் முழுக்கக் கத்தினாய். நல்லாவே மாட்டியிருந்தாய். கருவி சரி. பொய் சொன்னது நான்.

விதியும் சரிதான். இதையும் புரிந்துகொள். நாளைக்கு ஆளாளுக்கு ரேடியோவில் ஆறுதல் சொல்ல ஆரம்பித்தால், எவன் எதை நம்பி வால்வைத் திறப்பான்? மேலிடத்தைக் கொண்டாடுகிற ரசிகர்களோடு எனக்கு ஒத்துப்போகாத இடமும் இதுதான். அவள் செய்தது சரி என்று கேம் எங்கேயும் சொல்லவில்லை. அவளுக்குச் சம்பளம், பாராட்டு, சிலை எதுவும் கொடுக்கவில்லை. மராமத்து ஆள் வெளியே போனான், அவள் உள்ளே இருந்தாள், அவ்வளவுதான் சொல்கிறது.

பயமாகத்தான் இருக்கிறது. லைசென்ஸ் போனால் எந்தக் கிடங்கிலும் என்னை வாசலுக்கு அந்தப் பக்கம் விட மாட்டார்கள். வேறு வேலை எனக்குத் தெரியாது. மாமியாரோடு உட்கார்ந்து மத்தியான சீரியல் பார்க்க வேண்டும், அதில் வருபவர்கள் ஒட்டடையை விட மோசம்.

— அக்கா


மார்ச் 7

அக்கா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் போட்டுவிடுகிறேன்.

கேமில் சப்டைட்டிலைப் படித்து ஏமாந்த மாதிரி, நவம்பரில் ரேடியோ பேச்சை டைப் அடித்த காகிதத்தில் மட்டும்தான் படித்தேன் என்பது திடீரென்று உறைத்தது. பாதுகாப்புப் பிரிவுக்குப் போய் ஒலிப்பதிவைக் கேட்க வேண்டும் என்றேன். "அதான் எழுதியே வச்சிருக்கே, எதுக்குக் கேக்கணும்?" என்றார் அங்கே இருந்த கிளார்க். கேட்க வேண்டும் என்றேன். இரண்டு நாள் அலைய விட்டுக் கொடுத்தார்கள்.

காகிதத்தில் இருப்பது இது. நீங்கள்: "நானூத்தி இருபது. ஏறுது." அடுத்த வரி, நான்: "சரி." அதற்கடுத்த வரி, நீங்கள்: "இருநூத்தி எண்பது. இறங்குது தம்பி." ஒன்றன் கீழ் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் இருக்கிறது. டைப் அடித்தவர் பேச்சை மட்டும் அடித்திருக்கிறார். பேசாமல் இருந்ததை அடிக்க அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒலிப்பதிவில் என் "சரி"க்கும் உங்கள் "இருநூத்தி எண்பது"க்கும் நடுவில் ஒரு நிமிடம் நாற்பத்து நான்கு விநாடி இருக்கிறது. அதில் நீங்கள் என்னைப் பதினொரு தடவை கூப்பிடுகிறீர்கள். எட்டாவது தடவைக்குப் பிறகு துணி சுவரில் உரசி இறங்கும் சத்தம். பிறகு மாஸ்க்குக்குள் என் குரல், தெளிவில்லை என்று டைப் அடித்தவர் விட்டுவிட்டது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. "போதும்க்கா" என்கிறேன்.

மாஸ்க் அமோனியாவை முந்நூறு வரைதான் தாங்கும் என்று பயிற்சியில் சொன்னார்கள். நானூற்று இருபது என்று காதில் விழுந்ததும் என் மண்டை கணக்குப் போட்டு முடித்துவிட்டது. எண்ணை நம்பித்தான் என் பிழைப்பே. அது போதாது என்றால் போதாது. மாஸ்க் அதற்குப் பிறகும் தாங்கியது, அறுநூற்றுப் பத்தைத் தாண்டியும் தாங்கியது. நான்தான் தாங்கவில்லை. உட்கார்ந்தது எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. இப்போதும் இல்லை. சத்தியமாக நடந்துகொண்டே இருந்ததாகத்தான் நினைத்திருந்தேன்.

அப்புறம் அந்த மூச்சு. கேட்டேன். இழுத்துவிட்டு, "இருநூத்தி எண்பது". பிரிண்ட் அவுட்டில் அப்போது நானூற்று எண்பது. எழுந்திருக்கிற சத்தம் கேட்கிறது. "இடது கை சுவத்துல. குழாய் தட்டுப்படும், தாண்டினதும் வலது" என்கிறீர்கள். கிடங்கின் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையையும் சரிபார்த்தேன். வழி சொன்னது பத்தொன்பது. எல்லாம் சரி.

ஐந்தாவது பொய்யும் கிடைத்தது. அது எண் இல்லை, அதனால் தவறவிட்டிருக்கிறேன். கடைசிக் கதவுக்கு முன்னால் நான் "பயமா இருக்கு" என்கிறேன். நீங்கள் மூச்சை இழுத்து, "எனக்கு ஒரு பயமும் இல்ல, நீ நட" என்கிறீர்கள்.

எனக்கு அழகாக எழுத வராது. வழி சொன்னதற்கு அன்றைக்கே நன்றி சொல்லிவிட்டேன், அதை விடுங்கள். பொய் சொன்னதற்கு நன்றி. பதினொரு தடவை கூப்பிட்டதற்கு நன்றி. நான்கு மாதம் நான் உங்களைப் பற்றிப் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு, "நீதான் உட்கார்ந்தாய்" என்று ஒரு தடவைகூட யாரிடமும் சொல்லாமல் இருந்தீர்களே, அதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த வரிக்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்றைக்குத் தண்ணீர் குடித்தீர்களா?

— தம்பி


மார்ச் 13

தம்பிக்கு,

குடிக்கவில்லை. உன்னை ஆம்புலன்சில் ஏற்றும் வரை பட்டனை விடவில்லை, அப்புறம் விட வரவில்லை. வாசல் காவலர் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார். "அக்கா, அவன் போயிட்டான் விடுங்க" என்று அவர் சொல்ல, நான் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு அழ, பெரிய கூத்து. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் கேட்டது நீ ஒருத்தன், அதுவும் நான்கு மாதம் கழித்து. மாமியாரிடம் சொன்னேன். "கேட்டுட்டானா, அப்ப பரவாயில்ல பையன்" என்றார்.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் 20ஆம் தேதி வரை போன் பண்ணாதே. சொல்லிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஒன்றே ஒன்று. அங்கே போய் என்னைப் புகழாதே. "அக்கா செய்தது சரி" என்று ஆரம்பித்தால் அங்கேயே எழுந்து மறுப்பேன். பொய் என்று நீ எழுதியது இருக்கட்டும், அது உண்மை. அந்த ஒரு நிமிடம் நாற்பத்து நான்கு விநாடியையும் பக்கத்தில் எழுது. அது உனக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரியும். வேண்டாம் என்று தோன்றினால் விட்டுவிடு. நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

— அக்கா


மார்ச் 20

அக்கா,

முடிவு முதலில். லைசென்ஸ் ரத்து இல்லை. ஆறு மாதம் நிறுத்தம், பிறகு மறு தேர்வு எழுதி, நாற்காலிக்குத் திரும்பலாம். முறைப்படி கடிதம் உங்களுக்கு வரும், கிளார்க் என்னிடம் வாய்தவறிச் சொன்னார். விதிமீறல் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கும். அது இருக்க வேண்டும் என்றுதான் நீங்களும் சொல்வீர்கள்.

நான் பேசும்போது உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள், அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள்.

பழைய வாக்குமூலத்தில் ஒரு வரியை மட்டும் அடித்தேன், எந்த வரி என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது தாளில் ஒரு அட்டவணை. ஒரு பக்கம் உங்கள் வார்த்தை, ஒரு பக்கம் சென்சார் அளவு, மூன்றாவது பத்தியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன். "உட்கார்ந்திருந்தேன்" என்று என் கையாலேயே எழுதினேன். அதைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். பிறகு ஒலிப்பதிவைப் போட்டார்கள். அந்த ஒரு நிமிடம் நாற்பத்து நான்கு விநாடி முழுவதும் எட்டுப் பேர் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்தாவது தடவை நீங்கள் கூப்பிடும்போது ஒருவர் நிறுத்தப் போனார். தலைவர் வேண்டாம் என்று கை காட்டிவிட்டார்.

உங்களைப் புகழவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை. கஷ்டமாக இருந்தது.

தலைவர் கண்டிப்பான ஆள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "தம்பி, அவங்க உங்ககிட்ட ஒரு தடவை பொய் சொல்லியாச்சு. நாளைக்கு அதே நடையில, அதே புகையில, அதே அம்மா 'அளவு இறங்குது'ன்னு சொன்னா நம்புவீங்களா?"

நான் கேள்வி முடியும் முன் பதில் சொல்பவன். இதற்கு நேரம் எடுத்துக்கொண்டேன்.

"நம்ப மாட்டேன் சார்" என்றேன்.

கமிட்டியில் ஒருவர் அதை எழுதிக்கொள்ளக் குனிந்தார். உங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப என்ன செய்வீங்க?" என்றார் தலைவர்.

"நடப்பேன்."

— தம்பி